பனியாறுகள் ஏன் வளர்கின்றன, ஏன் தேய்கின்றன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கங்கோத்ரி பனியாறு பின்வாங்குகிறது என்று ஒரு செய்தி வருகிறது. காரகோரம் மலையில் ஒரு பனியாறு முன்னேறி ஓடையை அடைத்துவிட்டது என்று இன்னொன்று. பூமி சூடாகிறது என்றால் இது மட்டும் எப்படி வளர்கிறது என்று ஒருவர் கேட்கிறார். பழைய பனியுகங்கள் மனிதனால் வந்தவையா என்று மற்றொருவர் மடக்குகிறார். இரண்டுமே நியாயமான கேள்விகள்தான். அப்படிப்பட்ட கேள்விகளுக்கான பதில்கள் இங்கே. உதாரணங்கள் கூடியவரை இமயத்திலிருந்து வருகின்றன. இமயத்தில் ஆள் வைத்து அளந்த பதிவுகள் குறைவு என்பதால், ஆல்ப்ஸும் நியூசிலாந்தும் இடையிடையே எட்டிப் பார்க்கும்.

பனியாறு என்பது உறைந்துபோன ஆறா?

இல்லை. அதில் ஆற்று நீருக்குப் பங்கே கிடையாது. உயரமான மலையில் ஓராண்டு விழுந்த பனி அடுத்த கோடையில் முழுதும் உருகாமல் கொஞ்சம் மிஞ்சுகிறது. அதன்மேல் அடுத்த ஆண்டுப் பனி விழுகிறது. அதிலும் கொஞ்சம் மிஞ்சுகிறது. இப்படியே அடுக்கு ஏற ஏற, அடியில் இருப்பது நசுங்கி இறுகுகிறது. புதிதாக விழுந்த பனியில் பெரும்பகுதி காற்றுதான். பல நேரம் ஒரு கன மீட்டருக்கு 100 கிலோகூடத் தேறாது. அது இறுகி இறுகி 830 கிலோவைத் தாண்டும்போது உள்ளே இருந்த காற்று தனித்தனிக் குமிழ்களாகச் சிறைப்படுகிறது. அப்போதுதான் அது பனிக்கட்டி. ஈரமான மலைகளில் இதற்குச் சில ஆண்டுகள் போதும். அண்டார்டிகாவின் நடுவில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

கட்டியின் தடிமன் சுமார் 30 மீட்டரைத் தாண்டினால் தன் எடையாலேயே சரிவில் நகரத் தொடங்கும். நகர ஆரம்பித்த பிறகுதான் அதைப் பனியாறு என்கிறோம். நகராமல் கிடந்தால் அது வெறும் பனித்திட்டு.

கட்டியாக இருப்பது எப்படி நகரும்?

இரண்டு வழிகளில். மேலிருந்து வரும் அழுத்தத்தில் பனிக்கட்டியின் படிகங்கள் உருமாறி ஒன்றன்மேல் ஒன்று நழுவுகின்றன. அடியில் உருகிய நீர் இருந்தால் மொத்தக் கட்டியும் பாறைமேல் வழுக்கிக்கொண்டு போகும். பெரும்பாலான மலைப் பனியாறுகள் ஆண்டுக்குச் சில பத்து மீட்டரிலிருந்து சில நூறு மீட்டர்வரை நகர்கின்றன.

இதற்கு இந்தியாவோடு தொடர்புள்ள ஒரு சாட்சி உண்டு. 1966 ஜனவரி 24 அன்று ஏர் இந்தியாவின் ‘கஞ்சன்ஜங்கா’ விமானம் ஐரோப்பாவின் மோன் பிளாங்க் சிகரத்துக்கு அருகே மோதி நொறுங்கியது. அணு விஞ்ஞானி ஹோமி பாபா இறந்தது அந்த விபத்தில்தான். சிதறிய பொருள்கள் பனியில் புதைந்துபோயின. பின்னர் அவை கீழே பொசோன் பனியாற்றில் ஒவ்வொன்றாக வெளிவரத் தொடங்கின. 2012இல் இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் தபால் பை ஒன்று கிடைத்தது. 2020இல், இந்திரா காந்தி பிரதமராவதைப் பற்றிய செய்தியோடு 1966ஆம் ஆண்டு இந்தியச் செய்தித்தாள்கள் கிடைத்தன. உச்சியில் விழுந்ததைப் பனி சுமந்துகொண்டு இறங்கிவர அரை நூற்றாண்டு பிடித்திருக்கிறது.

சரி, அது வளர்வதும் தேய்வதும் எதைப் பொறுத்தது?

வரவு செலவைப் பொறுத்தது. மேலே விழும் பனியும், பக்கத்துச் சரிவுகளிலிருந்து சரிந்து வந்து சேரும் பனியும் வரவு. உருகி ஓடுவது, ஆவியாகிப் போவது, கடலிலோ ஏரியிலோ உடைந்து விழுவது எல்லாம் செலவு. ஓராண்டில் வரவு கூடினால் பனியாறு கனக்கும், செலவு கூடினால் மெலியும்.

ஆனால் இந்தக் கணக்கு பனியாறு முழுவதிலும் ஒரே மாதிரி நடப்பதில்லை. மேல்பகுதியில் வழக்கமாக வரவுதான் அதிகம். கீழ்ப்பகுதியில் செலவுதான் அதிகம். இரண்டும் சரிக்குச் சரியாக இருக்கும் ஓர் உயரம் நடுவில் இருக்கும். அதைச் சமநிலைக் கோடு என்பார்கள். கோட்டுக்கு மேலே மிஞ்சும் பனி கீழே நகர்ந்துவந்து கோட்டுக்குக் கீழே உள்ள பற்றாக்குறையை ஈடுகட்டுகிறது. ஆகவே கோட்டுக்குக் கீழே ஆண்டுதோறும் பல மீட்டர் உருகினாலும் பனியாறு அதே இடத்தில் நிற்கலாம்.

காற்று சூடானால் இந்தக் கோடு மேலே ஏறும். அப்போது பனி சேரும் பரப்பு குறைந்து, உருகும் பரப்பு கூடும். கோடு மலையுச்சியையே தாண்டிவிட்டால் அந்தப் பனியாற்றுக்கு வரவே கிடையாது. அது அழிவதற்கு நாள் எண்ண வேண்டியதுதான்.

குளிர்காலம் கடுமையாக இருந்தால் பனியாறு வளரும்தானே?

அப்படித்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் பனியாற்றின் தலையெழுத்தைப் பெரும்பாலும் கோடைதான் எழுதுகிறது.

குளிர்காலத்தில் மைனஸ் 10 டிகிரியாக இருந்தால் என்ன, மைனஸ் 25 ஆக இருந்தால் என்ன? இரண்டிலும் பனி உருகப் போவதில்லை. ஆனால் கோடை வெப்பம் ஒரு டிகிரியிலிருந்து மூன்று டிகிரியானால் செலவு எகிறிவிடும். போதாக்குறைக்கு, மிகக் குளிர்ந்த காற்றில் ஈரம் தங்காது. அதனால் கடுங்குளிர் இடங்களில் பனிப்பொழிவு குறைவு. சைபீரியாவின் யாகுட்ஸ்க் நகரில் ஜனவரியில் மைனஸ் 40 சாதாரணம். ஆனால் அந்தச் சமவெளியில் பனியாறு கிடையாது, ஏனென்றால் விழும் கொஞ்சப் பனியைக் கோடை துடைத்துவிடும். நியூசிலாந்தின் ஃபிரான்ஸ் ஜோசஃப் பனியாறோ மழைக்காட்டின் ஓரம்வரை, கடல்மட்டத்திலிருந்து சில நூறு மீட்டர் உயரம்வரை இறங்கி வருகிறது. அங்கே கடுங்குளிர் இல்லை. கடற்காற்று மலையில் மோதிக் கொட்டும் பனி அவ்வளவு ஏராளம்.

ஆக, பனியாறு வளர நிறையப் பனியும் மிதமான கோடையும் வேண்டும்.

இமயமலைக்கும் இதே கணக்குப் பொருந்துமா?

பொருந்தும், ஆனால் ஒரு பெரிய வேறுபாட்டோடு. ஆல்ப்ஸில் வரவு குளிர்காலத்தில், செலவு கோடையில். நேபாளம், சிக்கிம் பக்கம் ஆண்டுப் பனியில் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பர்வரை, பருவமழைக் காலத்தில் விழுகிறது. அதாவது வரவும் செலவும் ஒரே மாதங்களில்.

இது ஏன் முக்கியம் என்றால், அங்கே வெப்பம் கொஞ்சம் கூடினாலும் அடி பல பக்கமும் விழும். பனியாக விழ வேண்டியது மழையாக விழும், வரவு போச்சு. உருகுவது கூடும், செலவு ஏறிற்று. புதுப் பனி மேலே போர்த்தியிருந்தால் வெயிலில் 80 சதவீதத்துக்கு மேல் திருப்பி அனுப்பியிருக்கும். அது இல்லாமல் அழுக்குப் பனிக்கட்டி வெளியே தெரிவதால் வெயிலில் பாதிக்கு மேல் உள்ளே போகும்.

மேற்கே போகப் போகக் கதை மாறுகிறது. காரகோரத்துக்குப் பனி கொண்டுவருவது முக்கியமாகக் குளிர்காலத்து மேற்குக் காற்று. அதன் ஈரம் மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து வருகிறது. இமாச்சலத்தின் லாஹௌல் பகுதியில் உள்ள சோட்டா ஷிக்ரி பனியாறு இந்த இரண்டு காற்றுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறது. ‘இமயப் பனியாறுகள்’ என்று மொத்தமாகப் பேசும் எந்தச் செய்தியையும் கொஞ்சம் தள்ளிவைத்துப் படிப்பது நல்லது.

பனி உருகக் காற்றின் வெப்பம் மட்டும்தான் காரணமா?

இல்லை. பல இடங்களில் வெப்பத்தைவிட நேரடி வெயில்தான் பெரிய கை. பனியின் நிறம் அதனால் முக்கியமாகிறது. அடுப்புப் புகை, டீசல் புகை, காட்டுத்தீ ஆகியவற்றிலிருந்து வரும் கரித்துகளும், பாலைவனத் தூசியும் பனிமேல் படிந்தால் அது கூடுதல் வெயிலை உள்ளிழுக்கும். 2022 மார்ச்சில் சகாரா தூசி ஆல்ப்ஸில் படிந்தது, குளிர்காலப் பனியும் குறைவு, கோடையும் கொளுத்தியது. சுவிட்சர்லாந்தின் பனியாறுகள் அந்த ஆண்டிலும் அடுத்த ஆண்டிலும் சேர்த்துத் தங்கள் மொத்தப் பருமனில் ஏறத்தாழ 10 சதவீதத்தை இழந்தன. இரண்டே ஆண்டுகளில்!

கற்குவியலின் வேலை விசித்திரமானது. மெல்லிய தூசிப்படலம் உருகுவதை விரைவுபடுத்தும். அதுவே சில சென்டிமீட்டருக்கு மேல் தடிமனான கல்லும் மண்ணுமாக இருந்தால் வெயிலை மறைத்துப் பனியைக் காப்பாற்றும். கங்கோத்ரியின் கீழ்ப்பகுதி இப்படித்தான் கல்மூடிக் கிடக்கிறது. இத்தகைய பனியாறுகளின் முகப்பு, அதாவது பனி முடியும் கீழ்முனை, பெரிதாக அசையாது, ஆனால் மேற்பரப்பு தாழ்ந்துகொண்டே வரும். வரைபடத்தில் பார்த்தால் ‘நிலையாக இருக்கிறது’ என்று தோன்றும். அதுதான் ஏமாற்று.

ஆப்பிரிக்காவின் கிளிமஞ்சாரோ உச்சியில் பனி உருகாமலேயே நேராக ஆவியாவதும் ஒரு பெரிய செலவு. அங்கே காற்று வறண்டது. அதனால் ஈரம் குறைந்ததும் மேகம் குறைந்ததும் வெப்பத்துக்குச் சமமான காரணங்களாகப் பேசப்படுகின்றன. கிரீன்லாந்திலோ கடல்நீரின் சூடு கணக்கை மாற்றிவிடும். அங்குள்ள ஜேக்கப்ஷாவன் பனியாறு பல ஆண்டுகள் அசுர வேகத்தில் பின்வாங்கியது. 2016 வாக்கில் அருகிலுள்ள வளைகுடாவுக்குக் குளிர்ந்த நீர் வந்து சேர்ந்ததும் சில ஆண்டுகள் வேகம் குறைந்து, முகப்பு தடித்து, முன்னேறவும் செய்தது.

பின்வாங்குகிறது என்றால் பனி மேல்நோக்கி நகர்கிறதா?

இல்லை. பனி எப்போதும் கீழ்நோக்கித்தான் நகரும். வந்து சேர்வதைவிட முகப்பில் உருகுவது அதிகம் என்பதால் முகப்பு இருக்கும் இடம் மேலே போகிறது, அவ்வளவுதான்.

கங்கோத்ரி எவ்வளவு பின்வாங்கியிருக்கிறது?

கங்கோத்ரி சுமார் 30 கிலோமீட்டர் நீளம். அதன் முகப்பான கோமுகம் ஏறத்தாழ 4,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பாகீரதி ஆறு அங்கே பிறக்கிறது. இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஆடன் 1935இல் முகப்பை முறையாக வரைபடமாக்கினார். அதிலிருந்து பார்த்தால் சராசரியாக ஆண்டுக்கு ஏறத்தாழ 20 மீட்டர், மொத்தம் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் பின்வாங்கியிருக்கிறது. முன்பு வந்து சேர்ந்துகொண்டிருந்த சதுரங்கி என்ற கிளைப் பனியாறு இப்போது தொடர்பறுந்து தனியாக நிற்கிறது. முகப்பு நகர்ந்த தூரத்தைவிட இதுதான் எனக்குக் கவலை தரும் செய்தியாகப் படுகிறது. கிளை அறுந்தால் ஒரு வரவு அடியோடு நின்றுவிட்டது என்று பொருள்.

இந்த ஆண்டு மலையில் பனி கொட்டித் தீர்த்தது. பனியாறு வளர்ந்திருக்குமா?

அந்த ஆண்டின் கணக்கில் வரவு கூடியிருக்கலாம். ஆனால் அது முகப்பில் தெரிய ஆண்டுகள் ஆகும். சிறிய, செங்குத்தான பனியாறு சில ஆண்டுகளில் பதில் சொல்லும். கங்கோத்ரி போன்ற நீண்ட, சரிவு குறைந்த ஒன்றுக்குப் பல பத்தாண்டுகள் பிடிக்கும். இன்று அதன் முகப்பில் பார்ப்பது, நம் தாத்தா காலத்துப் பருவநிலைக்கு அது சொல்லும் பதில்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. இன்றோடு பூமி சூடாவது நின்றுவிட்டாலும், பெரிய பனியாறுகள் இன்னும் சில பத்தாண்டுகள் சுருங்கிக்கொண்டேதான் இருக்கும். பழைய பாக்கி அது.

உலகம் சூடாகும்போது சில பனியாறுகள் வளர்கின்றனவே, எப்படி?

வரவு செலவுக் கணக்கைப் பிடித்துக்கொண்டால் இதில் புதிர் ஏதுமில்லை. உலகச் சராசரி வெப்பம் எந்தப் பனியாற்றின் மீதும் விழுவதில்லை. அதன்மேல் விழுவது அந்தப் பள்ளத்தாக்கின் கோடையும் அந்தப் பள்ளத்தாக்கின் பனியும்.

நார்வேயின் கடலோரப் பனியாறுகள் சில 1990களில் முன்னேறின. குளிர்காலப் பனி வழக்கத்தைவிட மிக அதிகமாக விழுந்ததுதான் காரணம். 2000க்குப் பிறகு அவை வேகமாகப் பின்வாங்கிவிட்டன. நியூசிலாந்தில் 1983 முதல் 2008 வரையிலான காலத்தில் குறைந்தது 58 பனியாறுகள் முன்னேறின. முதலில் கூடுதல் பனிப்பொழிவுதான் காரணம் என்று நினைத்தார்கள். பிறகு ஆராய்ந்தபோது, அந்த ஆண்டுகளில் தென்திசைக் காற்றும் குளிர்ந்த கடலும் சேர்ந்து அந்த வட்டாரத்தை மட்டும் குளிர்வித்திருந்தது தெரியவந்தது. அந்தக் கட்டம் முடிந்ததும் ஃபிரான்ஸ் ஜோசஃபின் முகப்பு மளமளவென்று சரிந்தது. முன்பு நடந்தே போய்ப் பனிமேல் ஏறிய சுற்றுலாப் பயணிகள் இப்போது ஹெலிகாப்டரில் போகிறார்கள்.

காரகோரம் இன்னும் சுவாரசியமானது. அங்குள்ள பனியாறுகள் பல, உலகெங்கும் மற்றவை தேய்ந்துகொண்டிருந்த காலத்தில், நிலையாக நின்றன அல்லது சற்றே கனத்தன. கென்னத் ஹெவிட் என்ற கனடிய ஆய்வாளர் 2005இல் இதைக் ‘காரகோரம் விதிவிலக்கு’ என்று குறிப்பிட்டார். குளிர்காலத்தில் பனி சேர்வது, அந்த வட்டாரத்தில் கோடை வெப்பம் சில பத்தாண்டுகள் கூடாமல் இருந்தது, மிக உயரமான பனிச் சேர்பரப்பு, தடித்த கல்மூட்டம் எனப் பல காரணங்கள் சேர்ந்திருக்கின்றன. 2010க்குப் பிறகான செயற்கைக்கோள் அளவீடுகளில் காரகோரமும் மெலியத் தொடங்கிவிட்டது. ‘இமயத்தில் பனி வளர்கிறது’ என்று இன்னும் சுற்றிவரும் பகிர்வுகள் பெரும்பாலும் இந்தப் பழைய கட்டத்தைப் பற்றியவைதான்.

சில பனியாறுகள் திடீரென்று கிலோமீட்டர் கணக்கில் பாய்வது ஏன்?

அது வேறு கதை. வளர்ச்சி என்று அதைச் சொல்லக்கூடாது. சில பனியாறுகளின் மேல்பகுதியில் பனி பல பத்தாண்டுகள் தேங்கி நிற்கும். ஒரு கட்டத்தில் அடியில் நீரின் அழுத்தம் கூடி, பாறையின் பிடி தளர்ந்து, தேங்கிய பனியெல்லாம் கீழ்நோக்கிப் பாய்ந்துவிடும். மொத்தப் பனி கூடவில்லை, மேலே இருந்தது கீழே வந்திருக்கிறது. 1953இல் காரகோரத்தின் குட்டியா பனியாறு மூன்றே மாதங்களில் 12 கிலோமீட்டர் முன்னேறியது.

ஹன்சா பள்ளத்தாக்கின் ஷிஷ்பர் பனியாறு 2018 வாக்கில் இப்படிப் பாய்ந்து பக்கத்து ஓடையை அடைத்துக்கொண்டது. பின்னால் ஏரி தேங்கியது, உடைந்தது, மறுபடி தேங்கியது. 2022 மே மாதம் உடைந்தபோது காரகோரம் நெடுஞ்சாலையின் ஹசனாபாத் பாலத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது.

பனியுகங்கள் மனிதன் இல்லாமலேயே வந்து போயினவே?

ஆமாம். அதற்குக் காரணம் பூமியின் சுற்றுப்பாதை. பாதையின் நீள்வட்டம் ஏறத்தாழ 1,00,000 ஆண்டுக் கணக்கில் விரிந்து சுருங்குகிறது. அச்சின் சாய்வு 41,000 ஆண்டுகளுக்கு ஒருமுறை 22 டிகிரிக்கும் 24.5 டிகிரிக்கும் இடையே ஆடுகிறது. பம்பரம்போல் அச்சின் தலையும் மெதுவாகச் சுற்றுவதால் எந்த மாதத்தில் பூமி சூரியனுக்கு அருகில் இருக்கும் என்பதும் 23,000 ஆண்டு வாக்கில் சுற்றிவருகிறது. இவை பூமிக்கு வரும் மொத்த வெயிலைப் பெரிதாக மாற்றுவதில்லை. எந்த இடத்தில், எந்தப் பருவத்தில் எவ்வளவு என்பதைத்தான் மாற்றுகின்றன.

இதை முதலில் விரிவாக யோசித்தவர் ஜேம்ஸ் க்ரோல் என்ற ஸ்காட்லாந்துக்காரர். 1860களில் கிளாஸ்கோவில் ஒரு அருங்காட்சியகத்தில் காவலாளியாக இருந்துகொண்டு, அங்கிருந்த நூலகத்தில் தானே படித்துக் கணக்குப் போட்டவர். கடுங்குளிர்காலம்தான் பனியுகத்தைத் தொடங்கிவைக்கிறது என்பது அவர் முடிவு. அரை நூற்றாண்டுக்குப் பின் செர்பிய நாட்டின் மிலுட்டின் மிலன்கோவிட்ச் அதே கணக்கை இன்னும் துல்லியமாகப் போட்டார். முதல் உலகப் போரில் கைதாகி புடாபெஸ்டில் வைக்கப்பட்டிருந்தபோதும் அங்குள்ள நூலகத்தில் உட்கார்ந்து கணக்கைத் தொடர்ந்தவர் அவர். ஜெர்மன் பருவநிலை அறிஞர் கோப்பன் அவருக்கு ஒரு யோசனை சொன்னார்: குளிர்காலத்தை விடுங்கள், வடபகுதியின் கோடையைப் பாருங்கள். கோடை குளிர்ச்சியாக இருந்தால் முந்தைய குளிர்காலப் பனி மிஞ்சும். மிஞ்சிய பனி வெயிலைத் திருப்பி அனுப்பி மேலும் குளிர்விக்கும். அப்படித்தான் கனடாவிலும் வட ஐரோப்பாவிலும் கிலோமீட்டர் கணக்கில் தடிமனான பனிப்படலங்கள் எழுந்தன. மறுபடியும் பாருங்கள், கோடைதான்! 1976இல் ஆழ்கடல் சேற்றுப் படிவுகளில் இதே கால இடைவெளிகள் தென்பட்டன. அதோடு மிலன்கோவிட்சின் கணக்குக்கு மதிப்பு வந்தது. அவர் 1958இலேயே இறந்துவிட்டார்.

சுற்றுப்பாதை தொடங்கிவைத்ததைக் கார்பன் டை ஆக்சைடு பெரிதாக்கியது. அண்டார்டிகப் பனிக்கட்டியில் அடைபட்ட குமிழ்களின்படி, கடந்த 8,00,000 ஆண்டுகளில் பனியுகங்களில் அது பத்து லட்சத்துக்கு 180 பங்கு அளவுக்கு இறங்கி, இடைக்காலங்களில் 280, 300 வரை ஏறியிருக்கிறது. இப்போது 420ஐத் தாண்டிவிட்டது.

அந்தப் பனியுகத்தில் நம் பக்கம் என்ன நடந்தது?

சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில், ஏராளமான கடல்நீர் நிலத்தில் பனியாக ஏறி உட்கார்ந்திருந்ததால் கடல்மட்டம் இன்றைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. பாக் நீரிணை ஆழமற்றது. ஆகவே அன்று தமிழ்நாட்டுக் கரையும் இலங்கையும் ஒரே நிலம். வடக்கே பனிப்படலங்கள் உருகிக் கடல் உயர்ந்த பிறகு, ஏறத்தாழ 7,000 ஆண்டுகளுக்கு முன்புதான் நடுவில் தண்ணீர் நிலைத்தது.

இதைவிடப் பழைய கதை ஒன்றும் இருக்கிறது. ஒடிசாவின் தால்ச்சேரில், களிமண்ணுக்குள் பெரும் பாறாங்கற்கள் கலந்துகிடக்கும் அடுக்குகள் உண்டு. அவற்றைப் பனிதான் கொண்டுவந்திருக்க வேண்டும் என்று புவியியலாளர்கள் 1856இலேயே சொன்னார்கள். சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியா தென்துருவத்துக்கு அருகே, கோண்டுவானா என்ற பழைய பெருநிலத்தின் பகுதியாக இருந்த காலத்துப் பனி அது.

அப்படியானால் இப்போதைய தேய்வும் இயற்கைதானே?

ஒரு பகுதி இயற்கைதான். அதை மறைக்கத் தேவையில்லை. ஏறத்தாழ 14ஆம் நூற்றாண்டிலிருந்து 19ஆம் நூற்றாண்டின் நடுவரை ‘சிறு பனியுகம்’ என்ற குளிர்ந்த காலம் ஒன்று இருந்தது. எரிமலைகளும் சூரியனின் மந்தமும் அதற்குக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. ஆல்ப்ஸில் பனியாறுகள் ஊர்களை நெருங்கின. 1644இல் ஜெனீவா ஆயர் ஒருவர் ஷமோனிப் பள்ளத்தாக்கில் ஊர்வலமாகப் போய்ப் பனியாற்றை ஆசீர்வதித்து விலகிப்போகச் சொன்னார். சுவிட்சர்லாந்தின் ஃபீஷ் ஊர்க்காரர்கள், ஆலெச் பனியாறு வளரக்கூடாது என்று 1678இல் நேர்ந்துகொண்டு தலைமுறை தலைமுறையாக ஜெபித்தார்கள். அண்மையில் வாட்டிகனின் அனுமதியோடு அந்த வேண்டுதலைத் திருப்பிப்போட்டுவிட்டார்கள். இப்போது பனியாறு கரையாமல் இருக்க ஜெபிக்கிறார்கள்.

1850க்குப் பின் தொடங்கிய பின்வாங்கலில் அந்தக் குளிர்ந்த காலம் முடிந்ததற்குப் பங்கு உண்டு. ஆனால் அந்தப் பங்கு காலப்போக்கில் குறைந்துகொண்டே வர வேண்டும், தேய்வும் மெதுவாக வேண்டும். நடந்ததோ நேரெதிர். உலகப் பனியாறுகளின் இழப்பைப் பிரித்துப் பார்த்த 2014ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று, 1851 முதல் 2010 வரை மொத்தமாகப் பார்த்தால் மனிதப் பங்கு நான்கில் ஒன்று, 1991க்குப் பிந்தைய இருபது ஆண்டுகளில் மட்டும் பார்த்தால் மூன்றில் இரண்டு என்று கண்டது. சுற்றுப்பாதையின் இன்றைய போக்கு வடபகுதிக் கோடையைச் சூடாக்கும் பக்கமும் இல்லை. ஆக, காரணப் பட்டியலில் மிஞ்சுவது பசுங்குடில் வாயுக்கள்தான்.

இதையெல்லாம் எப்படி அளக்கிறார்கள்?

பழைய முறையே இன்னும் நம்பகமானது. பனியில் துளையிட்டு மூங்கில் கழிகளை இறக்கிவிட்டு, அடுத்த ஆண்டு எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்று பார்ப்பார்கள். மேல்பகுதியில் குழி வெட்டி அந்த ஆண்டுப் பனியின் தடிமனையும் அடர்த்தியையும் அளப்பார்கள். சோட்டா ஷிக்ரியில் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகக் குழு 2002 முதல் இதைச் செய்துவருகிறது. சில ஆண்டுகள் வரவு கூடியதும் உண்டு. சராசரியில், போன பனியை நீராக்கிப் பனியாறு முழுவதும் பரப்பினால், ஆண்டுக்கு அரை மீட்டர் உயரத்துக்கு நெருக்கமான அளவு குறைகிறது. மலையேறி, மூச்சுத் திணறி எடுக்கும் இந்தக் கணக்கு இமயத்தில் வெகுசில பனியாறுகளுக்கே இருக்கிறது. மற்றவற்றுக்குச் செயற்கைக்கோள் உயர அளவீடுகளும், புவியீர்ப்பு மாற்றத்தை அளக்கும் செயற்கைக்கோள்களும்தான் துணை.

உலகம் முழுவதும் சேர்த்தால், கிரீன்லாந்து, அண்டார்டிகா பெரும் படலங்கள் நீங்கலாக, 2000 முதல் 2023 வரை ஆண்டுக்குச் சராசரியாக 27,300 கோடி டன் பனி போயிருக்கிறது. அத்தனை ஆண்டுகளுக்கும் சேர்த்தால் 2000இல் இருந்த பனியில் இது ஏறத்தாழ 5 சதவீதம்.

2035க்குள் இமயப் பனி முழுதும் காலியாகிவிடும் என்றார்களே?

அது தவறு. ஐ.நா.வின் பருவநிலைக் குழு 2007 அறிக்கையில் அந்த வரி சரிபார்க்கப்படாமல் நுழைந்துவிட்டது. 2010 ஜனவரியில் குழுவே அதைத் திரும்பப் பெற்றது. நூற்றுக்கணக்கான மீட்டர் தடிமனான பனி அவ்வளவு விரைவில் கரைய வழியில்லை. ஆனால் அந்தத் தவறை வைத்துக்கொண்டு இமயத்துக்கு ஒன்றும் ஆகாது என்பதும் அதே அளவு தவறு. காத்மாண்டுவில் உள்ள ஒருங்கிணைந்த மலை மேம்பாட்டுக்கான சர்வதேச மையம் 2023இல் வெளியிட்ட அறிக்கைப்படி, 2011–2020இல் இந்துகுஷ் இமயத்தின் பனி இழப்பு முந்தைய பத்தாண்டைவிட 65 சதவீதம் கூடியது. இப்படியே போனால் நூற்றாண்டு இறுதிக்குள் பருமனில் 80 சதவீதம்வரை போய்விடக்கூடும்.

பனியாறுகள் போனால் கங்கை வற்றிவிடுமா?

கங்கை முழுதாக வற்றாது. அதன் நீரில் பெரும்பகுதி பருவமழையும் நிலத்தடி நீரும்தான். கோமுகத்தில் பெரும்பகுதி பனி உருகிய நீர் என்றாலும், பாட்னாவை அடையும்போது அதன் பங்கு சிறிது. மலைப்பகுதியில், மழைக்கு முந்தைய மாதங்களில்தான் அந்தச் சிறிது பெரிதாகத் தெரியும். சிந்து அப்படியல்ல; அது பனியையும் பனிக்கட்டியையும் நம்பி ஓடும் ஆறு. அங்கேதான் உண்மையான கவலை.

இன்னொன்று, தேய்வின் முதல் கட்டத்தில் ஆற்றில் நீர் கூடும், குறையாது. சேமிப்பை உடைத்துச் செலவழிக்கும் காலம் அது. உச்சத்தைத் தொட்ட பிறகுதான் இறங்கத் தொடங்கும். ‘ஆற்றில் தண்ணீர் நன்றாகத்தானே வருகிறது’ என்பது ஆறுதல் அல்ல.

கேதார்நாத், சமோலி, சிக்கிம் வெள்ளங்கள் எல்லாம் பனியாறு உருகியதாலா?

மூன்றும் ஒன்றல்ல. 2013 ஜூனில் கேதார்நாத்தில் முதல் குற்றவாளி பெருமழை. அதோடு மேலே இருந்த சோராபாரி ஏரியின் கல்மேட்டுக் கரை உடைந்தது. 2021 பிப்ரவரி 7 அன்று சமோலியில் நடந்தது பாறைச் சரிவு. மலையின் ஒரு பக்கமே பனியோடு பெயர்ந்து விழுந்தது. அதில் பெரும்பகுதி பாறைதான். 2023 அக்டோபரில் சிக்கிமில் நடந்ததில்தான் தேய்வின் கை நேரடியாகத் தெரிகிறது. பனியாறு பின்வாங்கிய பள்ளத்தில் தெற்கு லோனாக் ஏரி பல பத்தாண்டுகளாகப் பெருத்துவந்தது. கரைச் சரிவு அதற்குள் இடிந்து விழ, அலை கரையைத் தாண்டி உடைத்து, சுங்தாங்கில் தீஸ்தா அணையையே கொண்டுபோனது.

பனியாற்றைச் செயற்கையாக வளர்க்க முடியுமா?

லடாக்கில் செவாங் நோர்பெல் என்ற பொறியாளர் குளிர்கால ஓடைநீரைத் தடுத்து உறையவைத்தார். பிறகு சோனம் வாங்சுக் அதையே கூம்பாக நிறுத்தினார். ஏப்ரல், மே மாதங்களில் வயலுக்கு நீர் தர இவை உதவுகின்றன. ஆனால் இவை பனித்தொட்டிகள், பனியாறுகள் அல்ல. சுவிட்சர்லாந்தில் ரோன் பனியாற்றின் ஒரு மூலையை வெள்ளைத் துணியால் போர்த்துகிறார்கள். துணிக்குக் கீழே உருகுவது குறைகிறது, உண்மைதான். முழுப் பனியாற்றுக்கும் துணி போர்த்தப் பணமும் கிடையாது, துணியும் கிடையாது.

நேரில் பார்க்க வேண்டுமென்றால்?

கங்கோத்ரி கோயிலிலிருந்து கோமுகம் சுமார் 18 கிலோமீட்டர் நடை. மே முதல் அக்டோபர்வரைதான் வழி திறந்திருக்கும். வனத்துறை அனுமதி கட்டாயம், நாளொன்றுக்கு 150 பேருக்குத்தான் கொடுக்கிறார்கள். உயரம் உடம்புக்குப் பழக ஒரு நாளாவது கங்கோத்ரியில் தங்கிவிட்டுப் போங்கள். முகப்பின் அடியில் போய் நிற்கக்கூடாது. கட்டிகள் சொல்லாமல் விழும். அங்கே கண்ணை முகப்பிலிருந்து எடுத்துப் பள்ளத்தாக்கின் இரு பக்கமும் ஓட்டுங்கள். பனியின் மேற்பரப்புக்கு வெகு உயரத்தில், சரிவோடு நீளமாக ஓடும் கல்மேடுகள் தெரியும். பனியாறு முன்பு நிரம்பியிருந்த மட்டம் அது. முகப்பு எத்தனை மீட்டர் பின்னால் போனது என்பதைவிட, அந்த மேட்டுக்கும் இன்றைய பனிக்கும் உள்ள உயர வித்தியாசம் போன பனியின் அளவைச் சரியாகக் காட்டும்.